பத்து முறைக்கு மேல் வந்த வரிகள்

"கணக்குச் செய்ய ஆக்கள் கிடைப்பினம், பிள்ளை. கொம்பியூட்டர் பொய் சொல்லேக்க அதைப் பிடிக்க உமக்குத் தெரியுமோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம்."

ஹட்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேலதிகாரி சிவநேசன் சார் சொன்னது இது. என் விண்ணப்பத்தில் முகவரி இருந்த இடத்தைப் பென்சில் நுனியால் தொட்டபடி சொன்னார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கம் மூன்றும் அதில் இருந்தன. அவர் சந்தேகப்பட்டது என் படிப்பையா அந்த முகவரியையா என்று அவரிடம் கேட்கவில்லை. முகவரியைத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எட்டு வருடம் அங்கே வேலை செய்துவிட்டு வந்துவிட்டேன். ஓய்வு பெறும் வயதில்லை எனக்கு. ஆனாலும் ஒரு வேலை முடிந்தால் முடிந்ததுதான். என் இடத்துக்கு வந்திருக்கும் ஃபர்ஹானா போன வாரம் போன் செய்தாள். நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பற்றிப் பழைய அறிக்கைகளில் படித்தாளாம். அது எங்கே இருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தர வேண்டுமாம். "ஒரு பக்கம் போதும் அக்கா" என்றாள். உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பொறியியல் படித்த முதல் ஆள் என் தோட்டத்திலேயே நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், நான் உயர்தரம் படிக்கும்போது இறந்துபோனார். அம்மா ஆரோக்கியம் இன்றும் கொழுந்து எடுக்கிறார். பெயர் எழுதத் தெரியாது. ஆனால் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து முடித்த பிறகு, தன் பெயர் காதில் விழுந்திருந்தாலும், "எம்பேரு கூப்பிட்டீங்களாய்யா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார். எனக்கு வந்த சந்தேக புத்தி அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் அலுவலகம் ஹட்டன் பஜாரில், ரம்ஸீன் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மலைகளில் ஓடை கண்ட இடமெல்லாம் தனியார் சிறு நீர்மின் நிலையம் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன், அதைச் சேர்த்தால் மின்வலையமைப்பு தாங்குமா என்று ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளைத் தயாரிப்பது எங்கள் வேலை. நிலையத்தையும் கம்பிகளையும் தேயிலைத் தொழிற்சாலைகளின் மோட்டார்களையும் எண்களாக்கிக் கணினிக்குள் வைப்போம். பிறகு ஒரு கம்பியில் இடி விழுந்ததாக அதற்குச் சொல்வோம். கணினி ஒவ்வொரு வினாடியையும் நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எங்கே என்ன நடக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டே போகும். எல்லா இயந்திரங்களும் மறுபடி ஒன்றாக ஓடத் தொடங்கினால் வலையமைப்பு நிலைத்து நிற்கிறது என்று பொருள்.

முடிவு இரண்டு விதமாக வரும். ஒன்று வரைபு, அதாவது கோட்டுப்படம். நாம் எந்த இடத்தைக் கீறச் சொல்கிறோமோ அந்த இடத்தை மட்டும் அது கீறும். மற்றது செய்திப் பதிவு, அலுவலகப் பேச்சில் லொக். ஓட்டத்தின்போது கணினி தன் பாட்டில் எழுதிக்கொண்டு போகும் வரிகள் அவை. இந்த நேரத்தில் மின்சாரத்தை அறுக்கும் இந்த ஆளி திறந்தது, இந்தக் காவல் ரிலே விழித்தது, இந்த இடத்தில் கணக்குச் சரியாகச் சேரவில்லை என்று வரி வரியாக வரும். நாம் கேட்காததையும் அது சொல்லும். அதனால்தான் அதை ஒருவரும் விரும்புவதில்லை.

சிவநேசன் சார் வரைபு பார்க்கும் விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காலை எட்டு மணிக்கு முன்பே வந்து தன் மேசையைத் தானே துடைப்பார். வரைபுகளைத் திரையில் பார்க்க மாட்டார். மெல்லிய தாளில் அச்செடுத்து, நிலையம் இல்லாத ஓட்டத்தின் தாளையும் நிலையம் உள்ள ஓட்டத்தின் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நின்றுகொண்டுதான் பார்ப்பார். இரண்டு கோடும் பிரிகிற இடத்தில் மூச்சை இழுப்பார். பத்தாவது வினாடிக்குள் கோடு படுத்துவிட்டால் தாளின் வலது மூலையில் ஒரு சரி போட்டுச் சுருக்கொப்பம் வைப்பார். அவர் மூக்குக்கும் தாளுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. அப்படிப்பட்ட கவனம் லொக்கின் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை.

"உது மெசின்ரை புலம்பல்" என்பார். "புலம்பலை ஆர் இருந்து வாசிக்கிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு ஓட்டத்துக்குப் பல்லாயிரம் வரி வரும். பெரும்பாலானவை ஒரே வரியின் பிரதிகள். அறிக்கையின் பின்னிணைப்பில் முழு லொக்கையும் சேர்க்க வேண்டும் என்று மின்சாரக் காரியாலயம் கேட்டபோது, அது செங்கல் கனத்துக்கு வந்தது. நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சாரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெறி. இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு லொக்கில் ஒரே செய்தி பத்து முறைக்கு மேல் வந்தால், நேரம் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், அந்த வரிகள் எல்லாவற்றையும் அது எடுத்துவிடும். ஏன் பத்து என்று கேட்டால் பதில் இல்லை. கைவிரல் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

செங்கல் ஆறு பக்கமாகச் சுருங்கியது. சார் முதல் தடவையாக உட்கார்ந்து ஒரு லொக்கை வாசித்தார். "இப்பதான் இது மனுசர் வாசிக்கிற சாமான்" என்றார். அன்று மாலை கீழே இறங்கும்போது ரம்ஸீன் நானா, "என்ன மகள், சிரிப்பெல்லாம் பலமா இருக்கு? மேல எத்தன கம்ப்யூட்டர் இருந்தாலும் கரண்டு போனா எங்கட ஜெனரேட்டர்தான், மறந்துடாதீங்க" என்றார். அதற்கும் சிரித்தேன்.

அந்த ஸ்கிரிப்டோடு போன முதல் அறிக்கை என் சொந்தப் பள்ளத்தாக்குக்கு உரியது. எங்கள் தோட்டத்துக்கு மேலே ஓடும் ஓடையில் ஒரு சிறு நிலையம். ஆய்வு செய்தவர் என்று அட்டையில் என் பெயர் இருந்தது. அட்டையை ஒரு பிரதி எடுத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். எங்கே பெயர் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டினார். நிலையம் கட்டப்பட்டது. ஓடத் தொடங்கியது. எங்கள் லயத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகும் அதே கம்பியில் அதன் மின்சாரமும் சேர்ந்தது.

நாலைந்து வருடம் கழித்து, அதே கம்பியில் இன்னும் கீழே வேறொரு முதலாளி இரண்டாவது நிலையம் ஒன்று கட்ட வந்தார். ஆய்வு என் கைக்கு வந்தது. உபமின்நிலையத்திலிருந்து வரும் கம்பியில் இடி, அதன் பிறகு அங்கே ஆளி திறக்கிறது. வரைபு அழகாக வந்தது. சார் ஜன்னலோரம் நின்று பார்த்துச் சரி போட்டார்.

எனக்கு லொக் பிடிக்கவில்லை. ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. முதல் வினாடியில் இடி, அதையடுத்து ஆளி திறந்தது என்று ஒரு வரி. அதன் பிறகு பத்தாவது வினாடி வரை ஒன்றுமே இல்லை. ஒரு முழுப் பள்ளத்தாக்கைப் பெரிய வலையமைப்பிலிருந்து அறுத்துவிட்டிருக்கிறோம். அதற்குள் ஒரு நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையத்தின் ரிலே பிரிவை உணர்ந்து அதை நிறுத்தியிருந்தால் ஒரு வரி வந்திருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் அதற்கும் ஒரு வரி வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. புது முதலாளியின் வேன் அந்த வாரம்தான் நுவரெலியாவிலிருந்து ஒரு மூட்டை லீக்ஸும் கரட்டும் இறக்கிவிட்டுப் போயிருந்தது. சார் அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தார். நானும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டேன். முதலாளியோடு போனில் பேசும்போது சார் வராந்தாவுக்குப் போய்விடுவார் என்பதும் நினைவுக்கு வந்தது. லீக்ஸையும் வராந்தாவையும் சேர்த்து ஒரு முழு வழக்கையே மனதில் கட்டிவிட்டேன். இரண்டு நாள் சார் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம், சார் சாப்பிடப் போன நேரத்தில், ஓட்டம் நடந்த கணினியில் மூல லொக்கைத் தேடினேன். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. கடைசியாக அதில் எழுதப்பட்ட நேரமும் ஓட்டம் முடிந்த நேரமும் ஒன்றாகவே இருந்தன. திறந்தேன். இடிக்குப் பிறகு உள்ள ஒவ்வொரு துண்டு நேரத்துக்கும் ஒரே வரி. ஆங்கிலத்தில் இருந்த அதன் பொருள் இதுதான்: மேல் நிலையம் வலையமைப்பிலிருந்து பிரிந்துள்ளது, மின்பிறப்பாக்கி இயங்குகிறது, ரிலே இயங்கவில்லை. அடுத்த வரி அதேதான். அதற்கடுத்ததும். பக்கத்தைக் கீழே தள்ளத் தள்ள அந்த வரி வந்துகொண்டே இருந்தது. ஓட்டம் முடியும்வரை மூவாயிரத்துச் சொச்சம் தடவை.

பத்து முறைக்கு மேல் வந்ததால் என் ஸ்கிரிப்ட் அத்தனையையும் எடுத்துவிட்டது. கணினி அதை இரண்டே தடவை சொல்லியிருந்தால் அறிக்கையில் இருந்திருக்கும்.

அந்த வரியை மறுபடி வாசித்தேன். அந்த வரியில் இருந்தது புது நிலையம் அல்ல. மேல் நிலையம். நான் ஆய்வு செய்தது. அட்டையில் என் பெயர் உள்ளது. நாலைந்து வருடமாக ஓடிக்கொண்டிருப்பது. அன்றைய அறிக்கையிலும் இதே வரியை என் ஸ்கிரிப்ட் எடுத்திருக்கும்.

ரிலே ஏன் இயங்கவில்லை என்று பார்த்தேன். பிரிந்த நேரத்தில் வோல்ட்டளவோ அதிர்வெண்ணோ மாறினால்தான் அந்த ரிலேக்குத் தெரியும். தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடும் நாளில் அது இழுக்கும் மின்சாரமும் நிலையம் கொடுக்கும் மின்சாரமும் ஏறத்தாழ சமம். அந்த நேரத்தில் வலையமைப்பிலிருந்து அறுத்துவிட்டாலும் ஒன்றும் மாறாது. ரிலே தூங்கும். நிலையம் பள்ளத்தாக்குக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியே எல்லோரும் கம்பி செத்துவிட்டதாக நினைப்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் அப்படி நினைப்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி தேயிலைமேல் விழும். சொல்லியனுப்பினாலும் ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அந்த மலையில் கொழுந்து எடுக்காமல் இருக்க முடியாது. ஒருத்தி லயத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுக் கேட்பாள், லைட்டு இருக்கா என்று. இல்லை என்று பதில் வந்தால் கம்பி செத்தது. கவ்வாத்துக் கம்பால் தள்ளி ஓரத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த காலத்தில் அந்தக் கணக்குப் பெரும்பாலும் சரியாக வந்தது. இப்போது மேலிருந்தும் வருகிறது. அறுந்த இடத்துக்குக் கீழே லயம் இருட்டாக இருக்கும். தேயிலைமேல் கிடக்கும் மேல்துண்டு உயிரோடு இருக்கும்.

அதற்கு முந்திய மாதம்தான் அம்மா போனில் சொல்லியிருந்தார், ஏழாம் நம்பர் மலையில் கம்பி விழுந்ததென்றும் தானும் கூடக் கொழுந்து எடுக்கும் மாரியக்காவும் அதைத் தள்ளிப் போட்டதாகவும். மழைக்கு நடுவே சொன்ன நூறு செய்திகளில் ஒன்றாக அதைக் கேட்டுவிட்டு விட்டிருந்தேன்.

சார் சாப்பிட்டு வந்ததும் மூல லொக்கை அவர் முன் வைத்தேன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு மிக அருகே குனிந்து வாசித்தார்.

"மேல் நிலையத்து அறிக்கை போறதுக்கு முன்னால நீங்க லொக்க வாசிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். கேள்வியில் குற்றச்சாட்டு இருந்தது. இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"நீர் வெட்டித் தந்ததை வாசிச்சனான், பிள்ளை."

அதற்குமேல் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதை ஏற்கவும் முடியவில்லை. புது அறிக்கையைத் திருத்திக் கொடுப்போம், பழையது அங்கீகாரம் பெற்று ஓடுகிற நிலையம், அதைக் கிளறினால் நம்முடைய எல்லா அறிக்கைகளையும் கிளறுவார்கள் என்றார். அப்படிக் கிளறத்தான் வேண்டும் என்றேன். "அப்ப உம்மடை பேரிலை எழுதும். என்ரை ஒப்பம் அதிலை வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்ப் பெரட்டில் நின்றேன். கணக்கப்பிள்ளை, யார் அனுப்பினார்கள், தொழிற்சங்கமா என்று கேட்டார். பெண்களிடம் கம்பியைத் தொடாதீர்கள், லைட் இல்லாவிட்டாலும் தொடாதீர்கள் என்றேன். மாரியக்கா சிரித்தார்.

"நீ தொட்டில்ல கெடக்குறப்ப இருந்து நாங்க தூக்கிப் போடுறோம். இன்னைக்குப் படிச்சிட்டு வந்து தொடாதங்கிற. கம்பெனிக்காரன் சொல்லச் சொன்னானா?"

"மேல ஓடுற நிலையம் நிக்காம ஓடும்க்கா. அதப் பாத்து எழுதுனது நான்தான். தப்பா எழுதிட்டேன்."

அதைப் பெரட்டில் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மாரியக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப போன மாசம் நானும் ஒங்காத்தாளும் தொட்டமே" என்று மட்டும் சொன்னார்.

கடிதத்தையும் முழு லொக்கையும் எடுத்துக்கொண்டு மின்சாரக் காரியாலயத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியியலாளரோடு சிங்களத்தில் பேசினேன். அவர் கடிதத்தைவிட என்னைத்தான் அதிகம் படித்தார். புது நிலையத்துக்காரர் பழைய நிலையத்தைக் கெடுக்க என்னை அனுப்பினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் மேலதிகாரியின் ஒப்பம் ஏன் இல்லை என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். கடைசியில் ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். ஞாயிறு பிற்பகல் உபமின்நிலையத்தில் ஆளியைத் திறப்பார்கள். மேல் நிலையம் தானாக நின்றால் என் கடிதம் பொய்.

ஞாயிற்றுக்கிழமை ஆளியைத் திறந்தார்கள். நிலையம் நொடியில் நின்றது. நிலையத்திலிருந்து வந்திருந்த ஆள், "இப்ப சந்தோசமா மிஸ்? இனி நிம்மதியாத் தூங்குங்க" என்றான். பொறியியலாளர் கோப்பை மூடினார்.

கோப்பின்மேல் கையை வைத்தேன். அவர்கள் யாரும் தோட்டத்தில் பிறந்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. சனிக்கிழமை வந்த கொழுந்து ஞாயிறு காலையோடு அரைபட்டு முடிந்துவிடும். பிற்பகலில் தொழிற்சாலையில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றாது. நிலையம் கொடுக்கும் மின்சாரத்தை இழுக்க ஆளில்லாதபோது, அறுத்தவுடன் எல்லாம் தாறுமாறாக மாறும், ரிலே உடனே விழித்துக்கொள்ளும். சோதனை செய்ய இதைவிடச் சுலபமான நாள் கிடையாது. யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று பார்த்து வைத்த நாள் என்றார் அவர். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் கொழுந்து நிறைய வரும் ஒரு வேலைநாளில் மறுபடி செய்யுங்கள் என்று நான் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மூன்றாம் முறை பியூனே என்னைக் கண்டதும் கதிரை போட்டார். ஒரு புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. எங்கள் லயத்து அறையான காம்பராவில் பல்பைப் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்லியிருந்தேன். நான் உபமின்நிலையத்தில் பொறியியலாளருக்குப் பக்கத்தில் நின்றேன். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவர் கையைக் காட்டினார். ஆளி திறந்த சத்தம் கேட்டது.

"போச்சாம்மா?"

"எது?"

"லைட்டும்மா. பல்பு."

"எரியுது."

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கொஞ்சம் மங்குன மாதிரி இருக்கு. எரியுது. நீ இன்னும் நிப்பாட்டலயா?"

"நிப்பாட்டியாச்சும்மா."

அம்மா கேட்டார், "அப்ப இது யாரு குடுக்குற கரண்டு?"

நான் போனின் ஒலியைக் கூட்டி, அம்மா மறுபடி சொன்னதைப் பொறியியலாளருக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. தொழிற்சாலைக்கு அருகே மீட்டரோடு நிறுத்தியிருந்த தன் ஆளுக்குப் போன் செய்தார். அந்த ஆளும் முள் விழவில்லை என்றார். முப்பது வினாடி கழித்து மேல் நிலையத்தைக் கையால் நிறுத்தச் சொன்னார். அம்மாவின் போனில், "இப்ப போச்சு" என்று கேட்டது. பொறியியலாளர் உள்ளே போனார். திரும்பி வந்து, வெட்டாத லொக் முழுவதும் தனக்கு வேண்டும் என்றார்.

உபமின்நிலையத்தில் ஆளி திறந்தால் அதை நேரே மேல் நிலையத்துக்குச் சொல்லி நிறுத்தும் தனி இணைப்பு ஒன்று போடும்வரை, நிலையத்தை ஓடவிடவில்லை. இன்று அந்த இணைப்பு இருக்கிறது. வேலைநாளில் சோதித்துப் பார்த்தார்கள். நான் அம்மாவை வைத்தும் சோதித்தேன்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது சுவரில் மாதா படத்துக்குக் கீழே வெறும் பசைத் தடம் இருந்தது. தாளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார் அம்மா. "தப்பா இருக்குன்னியே. சரி பண்ணுன தாளு வரட்டும், ஒட்டிக்கலாம்" என்றார்.

ஃபர்ஹானா, நீ கேட்ட ஸ்கிரிப்ட் இப்போது எங்கும் இல்லை. வேலையை விடும் வாரத்தில் அதை அழித்தேன், சாரிடம் சொல்லிவிட்டுத்தான் அழித்தேன். லொக் பெரிதாக இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். பெரிதாகத்தான் இருக்கும். அதை ஆள் இருந்து வாசிக்க வேண்டும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் எத்தனை முறை வந்தது, எந்த நேரத்தில் தொடங்கியது, எந்த நேரத்தில் நின்றது என்று முதலில் அதைத்தான் பார். ஒன்றுமே வராத இடம் கண்டால் அங்கே நிறுத்திக்கொண்டு, யார் பேசியிருக்க வேண்டும் என்று கேள். யாரையாவது சந்தேகப்படத் தோன்றினால் படு. அந்த வரிசையில் உன் பெயரையும் போட்டுக்கொள்.

இன்னும் ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். அந்த ஸ்கிரிப்டோடு போன மற்ற அறிக்கைகளின் மூல லொக்குகளைத் தேடினேன். சிலவற்றை வாசித்துப் பார்த்தேன், பிழையில்லை. ஏழு நிலையங்களுக்கு மூல லொக்கும் இல்லை, ஓட்டத்தின் தரவும் இல்லை. சுருக்கிய பிரதி இருக்கிறதே என்று, கணினியில் இடம் போதாமல் எப்போதோ அழித்திருக்கிறார்கள். அவற்றில் எந்த வரி போனது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். தெரியாததைப் பற்றி எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் நான் அங்கிருந்து இறங்கினேன். எங்களுக்குள் சண்டை இல்லை. போகும்போது தன் பென்சிலை எனக்குக் கொடுத்தார்.

நேற்றுக் காலை ஹட்டன் தபாலகத்தில், மின்சாரக் காரியாலயத்துக்கு அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஒரு பிரதி சாருக்கும் போயிருக்கிறது. ஏழு நிலையங்களின் பெயரும், அவை ஒவ்வொன்றையும் கொழுந்து வரும் ஒரு வேலைநாளில் சோதிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அதில் உள்ளன. கீழே, அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் என்று என் முழுப் பெயரையும், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.